ஆபீஸ் மெயிலை போனில் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆபீஸ் மெயிலைப் போனில் போடலாம் என்று உட்கார்ந்ததும் பலரும் முதலில் தேடுவது பாஸ்வேர்டை. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. உங்கள் நிறுவனத்தின் மெயில் எந்த வகை சர்வரில் இருக்கிறது? அதைப் போனில் சேர்த்தால் உங்கள் போன் மீது நிறுவனத்துக்கு என்னென்ன அதிகாரம் போகிறது? முதலாவது தெரிந்துவிட்டால் இணைப்பது சில நிமிட வேலை. இரண்டாவதைக் கேட்காமல் விட்டால், போன் தொலைந்த அன்றோ வேலையை விட்ட அன்றோ பிள்ளைகளின் போட்டோக்களும் சேர்ந்து அழிந்துபோக வாய்ப்பு உண்டு. சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். அதனால் அதற்கு இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில்: எந்த சர்வர்?

ஐடி பிரிவு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இல்லாவிட்டாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆபீஸ் கணினியில் பிரவுசர் வழியாக மெயிலைத் திறந்து, லாகின் பக்கத்தைக் கவனியுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் லாகின் பக்கம் வந்து அவுட்லுக் திறந்தால் அது மைக்ரோசாஃப்ட் 365. பார்ப்பதற்கு ஜிமெயில் போலவே இருந்து, முகவரியில் மட்டும் உங்கள் கம்பெனி பெயர் இருந்தால் கூகுள் ஒர்க்ஸ்பேஸ். சோஹோ மெயில் என்றால் பக்கத்திலேயே பெயர் இருக்கும். அவுட்லுக் போலத் தெரிந்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் கம்பெனியின் சொந்த டொமைனும் (இணையப் பெயரும்) கடைசியில் 'ஓடபிள்யூஏ' (owa) என்ற எழுத்துகளும் இருந்தால், கம்பெனியே சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்து நடத்துகிறது. எக்ஸ்சேஞ்ச் என்பது மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வர்; மைக்ரோசாஃப்ட் 365 மெயிலும் அதில்தான் ஓடுகிறது. ரவுண்ட்கியூப் என்ற பெயருள்ள வெப்மெயில் வந்தாலோ, முகவரியில் 2096 என்ற எண் தெரிந்தாலோ, இணையதளம் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கோடு சேர்த்து வாங்கிய சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் மென்பொருள்) மெயிலாகவே பெரும்பாலும் இருக்கும். நம் ஊரில் சிறு நிறுவனங்கள் பலவும் இந்தக் கடைசி வகையைத்தான் பயன்படுத்துகின்றன. அதிகச் சிக்கல் வருவதும் இதில்தான்.

ஐமேப், பாப், ஆக்டிவ்சிங்க்

போன் சர்வரோடு பேசும் முறைகள் மூன்று. பாப் முறையில் மெயில் சர்வரிலிருந்து போனுக்கு இறங்கிவிடும். அனுப்பிய மெயில் போனிலேயே தங்கிவிடும். செட்டிங் சரியாக இல்லையென்றால் சர்வரிலிருந்து அழிந்தும்போகும். ஆபீஸ் கணினி, போன் இரண்டிலும் ஒரே மெயிலைப் பார்க்கிறவர்களுக்கு பாப் வேண்டவே வேண்டாம். ஐமேப் முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். போனில் படித்தது கணினியிலும் படித்ததாகத் தெரியும். ஆனால் ஐமேப் மெயிலை மட்டும்தான் கொண்டுவரும். காலண்டரும் தொலைபேசி எண்களும் வராது. எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் மெயில், காலண்டர், காண்டாக்ட்ஸ் மூன்றையும் கொண்டுவரும். கூடவே நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளையும் போனுக்குள் கொண்டுவரும்.

சம்மதம் கொடுப்பதற்கு முன்

ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் ஆப்பிலோ போனோடு வந்த மெயில் ஆப்பிலோ எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்க்கும்போது, பாஸ்வேர்டு கொடுத்த பிறகு 'டிவைஸ் அட்மின்' என்று ஒரு திரை வரக்கூடும். கீழே 'ஆக்டிவேட்' பட்டன் இருக்கும். எல்லோரும் நேராக அதை அழுத்திவிடுகிறார்கள். மேலே உள்ள வரிகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'எரேஸ் ஆல் டேட்டா' என்பது முதலில் இருக்கும்: முன்னறிவிப்பு இல்லாமல் போனை ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோக சர்வருக்கு அனுமதி தருகிறீர்கள். அடுத்து, ஸ்கிரீன் லாக் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி, தேவைப்பட்டால் போனை லாக் செய்வது, பழைய ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவை முடக்குவது. எல்லா நிறுவனமும் இவை எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதிகாரம் கையில் இருக்கும்.

ஐபோனில் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்த்தால் இப்படி ஒரு பட்டியலே வராது. ஆனாலும் ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில் கணக்கைச் சேர்த்திருந்தால், எக்ஸ்சேஞ்ச் நிர்வாகியால் முழு போனையும் அழிக்க முடியும்.

இதை வைத்து வேறு மாதிரி பயமும் வேண்டாம். ஆக்டிவ்சிங்க் மூலம் உங்கள் வாட்ஸ்அப்பையோ போட்டோக்களையோ கால் ஹிஸ்டரியையோ நிறுவனம் பார்க்க முடியாது. அழிக்க முடியும் என்பதும் பார்க்க முடியும் என்பதும் வேறு வேறு.

சொந்தப் போனில் ஆபீஸ் மெயில் வேண்டும், முழுச் சாவியையும் கொடுக்க மனமில்லை என்றால் நல்ல வழிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக் ஆப்பைப் பயன்படுத்தினால், தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளை அந்த ஆப்பில் உள்ள தரவை மட்டும்தான் அழிக்கும். போட்டோக்கள் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் 5.0 பதிப்பு முதல் 'ஒர்க் ப்ரொஃபைல்' வசதி உண்டு. ஆபீஸ் ஆப்களில் சிறிய பெட்டிச் சின்னம் ஒட்டியிருக்கும். அந்தப் பகுதி மட்டும் நிறுவனத்தின் கையில், மீதிப் போன் உங்களுடையது. ஐபோனில் இதற்கு இணையாக 'யூசர் என்ரோல்மென்ட்' இருக்கிறது. இவை எதுவும் ஒத்துவராவிட்டால் பிரவுசர் வழியாகவே மெயில் பாருங்கள். வசதி குறைவுதான், ஆனால் போன் உங்கள் போனாகவே இருக்கும்.

ஐடி பிரிவிடம் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். "சார், என் சொந்த போன்ல மெயில் போட்டா, வைப் பண்ணும்போது முழு போனும் போகுமா, ஆபீஸ் டேட்டா மட்டும் போகுமா?" இவ்வளவுதான் கேள்வி. 'வைப்' என்றால் தொலைவிலிருந்து அழிப்பது. பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365

தொடங்குமுன் போனில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நேரம் தவறாக இருந்தால், சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று போன் மறுத்துவிடும். ஸ்கிரீன் லாக்கும் போட்டிருக்க வேண்டும்.

இரட்டைச் சரிபார்ப்பு இருக்கும் நிறுவனமென்றால் மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் ஆப்பை முதலில் நிறுவி, அதன் பதிவை ஆபீஸ் கணினியில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கணினித் திரையில் வரும் கியூஆர் கோடைப் போனால் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் போனிலேயே செய்யப் போனால், சரிபார்ப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் சரிபார்ப்பைப் பதிய முடியாது என்ற நிலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு அவுட்லுக் ஆப். ஆப் ஸ்டோரில் அதே போன்ற பெயரில் வேறு ஆப்களும் உண்டு. வெளியிட்டவர் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்தானா என்று பார்த்து நிறுவுங்கள். 'ஆட் அக்கவுன்ட்' அழுத்தி ஆபீஸ் மெயில் முகவரியைக் கொடுத்தால் சர்வரை ஆப்பே தேடிக் கண்டுபிடிக்கும். மைக்ரோசாஃப்ட்டின் லாகின் பக்கம், சில நிறுவனங்களில் கம்பெனி லோகோவோடு, திறக்கும். பாஸ்வேர்டு கொடுத்ததும் திரையில் ஓர் இரண்டு இலக்க எண் வரும். அதை ஆதென்டிகேட்டரில் தட்ட வேண்டும். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் இப்படி எண் கேட்டு வந்தால், உங்கள் பாஸ்வேர்டு வேறு யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று பொருள். மறுத்துவிட்டு உடனே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டில் 'கம்பெனி போர்ட்டல்' ஆப்பை நிறுவச் சொல்லலாம். அதை நிறுவியதாலேயே முழு போனையும் ஒப்படைத்ததாக ஆகாது. அவுட்லுக் ஆப்புக்கான விதிகளைக் கொண்டுவரவும் அது தேவைப்படும். அதற்குள் போய்ப் போனைப் பதிவு செய்யச் சொல்லும்போதுதான் மேலே சொன்ன கேள்வி எழுகிறது.

ஐபோனின் சொந்த மெயில் ஆப்தான் பிடிக்கும் என்றால்: செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், மெயில், மெயில் அக்கவுன்ட்ஸ், ஆட் அக்கவுன்ட், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச். ஐஓஎஸ் 18-க்கு முந்தைய போன்களில் செட்டிங்ஸிலேயே நேராக மெயில் இருக்கும். முகவரியைக் கொடுத்ததும் 'சைன் இன்', 'கான்ஃபிகர் மேன்யுவலி' என்று இரண்டு வழி காட்டும். முதலாவதையே எடுங்கள்.

காரணம் இருக்கிறது. மின்னஞ்சல் ஆப்பே பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கி சர்வருக்கு அனுப்பும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது. கூகுளும் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு அதே ஆண்டு மே மாதத்தில் அந்த முறையை நிறுத்தியது. ஆகவே பழைய போனில், பழைய ஆப்பில், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் 'பாஸ்வேர்டு தவறு' என்றே வந்துகொண்டிருந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. மைக்ரோசாஃப்ட்டின் அல்லது கூகுளின் லாகின் பக்கம் தனியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த ஆப் காலாவதியானது.

கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிமெயில் ஆப்பில் மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தை அழுத்தி 'ஆட் அனதர் அக்கவுன்ட்', அதில் கூகுள், பிறகு ஆபீஸ் முகவரி. நிறுவனத்தின் விதியைப் பொறுத்து 'டிவைஸ் பாலிசி' ஆப்பை நிறுவச் சொன்னால், அங்கேயும் என்ன அனுமதி கேட்கிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள். சோஹோவுக்கு அவர்களின் சொந்த ஆப்பே எளிது.

சொந்த டொமைன், ஹோஸ்டிங் மெயில்

இங்கே எல்லாவற்றையும் நாமே கையால் நிரப்ப வேண்டும். ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சிபேனலில் மெயில் கணக்குக்குப் பக்கத்தில் 'கனெக்ட் டிவைசஸ்' என்ற இணைப்பில் இவை எல்லாம் இருக்கும். நிர்வாகியிடமிருந்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாங்கினாலும் போதும்.

1. யூசர் நேம்: முழு மெயில் முகவரி. அட் குறிக்கு முன்னால் உள்ள பெயர் மட்டும் போதாது.
2. இன்கமிங் சர்வர்: பெரும்பாலும் 'மெயில்' என்று தொடங்கி, புள்ளி வைத்து, கம்பெனி டொமைன். போர்ட் (சர்வரின் வாசல் எண் போன்றது) 993, குறியாக்க முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்.
3. அவுட்கோயிங் சர்வர்: பெரும்பாலும் அதே பெயர். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற குறியாக்க முறை.

மூன்றாவதில் ஜோடி மாறினால் எந்தத் தெளிவான பிழையும் வராது; சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'சர்வரோடு தொடர்புகொள்ள முடியவில்லை' என்று முடியும். போர்ட் 25-ஐ யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள வைத்திருப்பது. ஸ்பேம் தொல்லைக்காகப் பல இணையச் சேவை நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன. குறியாக்கம் இல்லாமல் 143, 110 போர்ட்களைப் பயன்படுத்துவதும் வேண்டாம். லாட்ஜ் வைஃபையிலோ ரயில் நிலைய வைஃபையிலோ உட்கார்ந்து மெயில் பார்த்தால் பாஸ்வேர்டு மூடப்படாத கடுதாசி போலப் போகும்.

ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப்பிலேயே 'ஆட் அனதர் அக்கவுன்ட்', 'அதர்' என்று போய் முகவரியைக் கொடுத்து 'பர்சனல் ஐமேப்' தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்கமிங் திரை. சர்வர் பெயரை ஆப்பே ஊகித்து நிரப்பியிருக்கும். தாளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அடுத்தது அவுட்கோயிங் திரை. அங்கே 'ரிக்வயர் சைன்-இன்' ஆன் நிலையில் இருக்க வேண்டும்.

ஐபோனில் ஆட் அக்கவுன்ட், 'அதர்', 'ஆட் மெயில் அக்கவுன்ட்'. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அவுட்கோயிங் சர்வருக்குக் கீழே யூசர் நேம், பாஸ்வேர்டு கட்டங்களில் மங்கலான எழுத்தில் 'ஆப்ஷனல்' என்று போட்டிருக்கும். விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்றுதானே அதைப் படிப்போம்? ஆனால் இன்றைக்கு எந்த ஒழுங்கான சர்வரும் யார் என்று கேட்காமல் மெயில் அனுப்ப விடாது. காலியாக விட்டால் மெயில் வரும், போகாது. 'மெயில் வருது சார், ரிப்ளை மட்டும் போகமாட்டேங்குது' என்று வரும் புகார்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த இரண்டு கட்டங்களைத்தான். 'ரிலே' என்ற சொல்லோடு அனுப்ப மறுக்கும் பிழைச் செய்தி வந்தாலும் பெரும்பாலும் காரணம் இதுவே.

அடுத்து, சான்றிதழ் எச்சரிக்கை. 'சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை' என்று வந்தால் 'கன்டினியூ' அழுத்திப் போய்விடாதீர்கள். ஒரே ஹோஸ்டிங் சர்வரில் பல கம்பெனிகளின் மெயில் இருக்கும்போது, சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கலாம். நீங்கள் கொடுத்தது உங்கள் டொமைன் பெயர். இரண்டும் பொருந்தாததால் எச்சரிக்கை வருகிறது. சான்றிதழில் உள்ள பெயரை ஹோஸ்டிங் தரப்பிடம் உறுதி செய்துகொண்டு, சர்வர் பெயராக அதையே கொடுத்தால் சரியாகிவிடும். பல மாதம் ஒழுங்காக ஓடிய மெயில் ஒருநாள் காலையில் எல்லோருக்கும் ஒரேநேரத்தில் நின்றால், சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ்களுக்கு 90 நாள்தான் ஆயுள் என்று வைத்திருந்தார்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு தடைப்பட்டால் இப்படித்தான் ஆகும். 'ஆக்செப்ட் ஆல் சர்டிஃபிகேட்ஸ்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். அதன்பின் இடையில் யார் சர்வர் வேஷம் போட்டு வந்தாலும் போன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும்.

சோதித்துப் பாருங்கள்

இன்பாக்ஸ் நிரம்பியதும் வேலை முடிந்ததாக எழுந்துவிடக் கூடாது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். சில கம்பெனி சர்வர்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டுமே திறந்திருக்கும், வீட்டுக்குப் போன பிறகுதான் அது தெரியவரும். போனிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு சின்ன ஃபைலை இணைத்து மெயில் அனுப்புங்கள். அங்கிருந்து பதில் போடுங்கள். பிறகு ஆபீஸ் கணினியில் 'சென்ட்' ஃபோல்டரைத் திறந்து, போனிலிருந்து அனுப்பியது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஐபோனில் கணக்கின் அட்வான்ஸ்டு பகுதியில் 'சென்ட் மெயில்பாக்ஸ்' என்பதை சர்வரில் உள்ள ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். வாடிக்கையாளரோடு விலை பேசிய மெயில் போனில் மட்டும் கிடந்து, ஆபீஸில் யாருக்கும் கிடைக்காமல் போவதை இந்த ஒரு செட்டிங் தடுக்கும்.

மெயில் தாமதமாக வந்தால்

ஆப்பைத் திறந்தால்தான் மெயில் வருகிறது என்றால் சர்வரில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. ஐபோனின் மெயில் ஆப், ஹோஸ்டிங் ஐமேப் கணக்குகளுக்கு உடனுக்குடன் கொண்டுவராது. குறிப்பிட்ட இடைவெளியில் போய் எடுத்துவரும். 'ஃபெட்ச் நியூ டேட்டா' பகுதியில் 15 நிமிடம் என்று வையுங்கள். அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி' என்று இருந்தால், போன் சார்ஜிலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் எடுக்கும். பகலெல்லாம் வெளியில் அலைகிறவருக்கு அது உதவாது.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்புதான் வழக்கமான காரணம். மெயில் ஆப்பின் 'ஆப் இன்ஃபோ' பக்கத்தில் பேட்டரியை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். ஷாவ்மி போன்ற போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பாஸ்வேர்டு மாற்றும் நாள்

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு அம்மா, பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் வந்தார். "அண்ணா, காலையிலிருந்து மூணு தடவை அன்லாக் பண்ணிக் குடுத்துட்டாங்க. அரை மணி நேரத்துல திரும்ப லாக் ஆகுது."

"புது பாஸ்வேர்டை போன்ல மாத்திட்டீங்களாம்மா?"

"நேத்தே மாத்திட்டேனே."

"இதுக்கு முன்னாடி வச்சிருந்த போன் எங்க?"

"அது பையன்கிட்ட இருக்கு. கேம் விளையாடுவான்."

அதுதான். பழைய போனில் ஆபீஸ் கணக்கு அப்படியே இருந்தது. வீட்டு வைஃபையில் இருந்தபடி அது சில நிமிடத்துக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்தது. தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் கணக்கு பூட்டிக்கொள்ளும். ஹோஸ்டிங் சர்வர்களில் இதன் விளைவு இன்னும் மோசம்: தவறாக முயலும் ஐபி முகவரியையே (இணைய இணைப்பின் எண்ணையே) அடைத்துவிடுவார்கள். அந்தப் போன் ஆபீஸ் வைஃபையில் இருந்தால், ஒருவருடைய பழைய பாஸ்வேர்டுக்காக ஆபீஸ் முழுவதற்கும் மெயில் நின்றுபோகும். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன், அந்தக் கணக்கு இருக்கும் எல்லாப் போன்களையும் டேப்லெட்டுகளையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மாற்றிய பின் ஒவ்வொன்றாகப் புதியதைக் கொடுத்துத் திறப்பதே நல்லது.

போன் தொலைந்தால், வேலை மாறினால்

தொலைந்ததும் முதல் அழைப்பு ஐடி பிரிவுக்கு. சிம்மை முடக்குவது அதற்கு அடுத்த அழைப்பு, இடையில் தாமதிக்காமல். அழிக்கும் கட்டளை போன் அடுத்தமுறை சர்வரோடு பேசும்போதுதான் போய்ச் சேரும். சிம் முதலில் நின்று, வைஃபையும் இல்லையென்றால் கட்டளை காத்துக்கொண்டே இருக்கும். ஐடி பிரிவில் ஆள் கிடைக்காவிட்டால், பிரவுசரில் அவுட்லுக்கைத் திறந்து செட்டிங்ஸில் 'மொபைல் டிவைசஸ்' பகுதிக்குப் போனால், நிறுவனம் அனுமதித்திருக்கும் பட்சத்தில் நீங்களே அந்தப் போனை அழிக்கலாம். காவல் நிலையப் புகார் நகலோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்ணை) முடக்கவும் முடியும்.

வேலையை விடுகிறீர்கள் என்றால், கடைசி நாளுக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். புது எண்களைச் சேமிக்கும்போது அவை எந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தன? ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் கணக்கு டீஃபால்ட்டாக இருந்திருந்தால், மாமா, சித்தி எண்கள்கூட அதில்தான் இருக்கும்; கணக்கை நீக்கியதும் அவையும் போய்விடும். ஐபோனில் காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் அக்கவுன்ட்' எது என்று தெரியும். ஆண்ட்ராய்டில் காண்டாக்ட்ஸ் ஆப்பில் கணக்கு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். சொந்த எண்களைச் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். வாடிக்கையாளர் எண்கள் நிறுவனத்துக்குரியவை, அவற்றை அங்கேயே விடுங்கள்.

போட்டோக்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகு கணக்கை நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் கணக்கை நீக்கியதோடு நிற்காமல், செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலைத் தேடித் திறந்து, மெயில் ஆப்புக்கு எதிரே உள்ள சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆதென்டிகேட்டரில் உள்ள ஆபீஸ் பதிவை மட்டும் கடைசியாக நீக்குங்கள். சம்பள விவரம், ஃபார்ம் 16 போன்றவற்றை இறக்க அதே லாகின் இன்னும் ஒருமுறை தேவைப்படும்.